சேதுக்கரை டு வாலிநோக்கம், இரண்டு இரவு நடை: பையில் எதை வைக்க, எதை எடுக்க?

வைகைக்கரை நடையன்

மதுரையிலிருந்து எட்டுப் பேர் வருகிறோம். மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சேதுக்கரையில் தொடங்கி, கடலை ஒட்டியே கீழக்கரை, ஏர்வாடி வழியாக நடந்து திங்கள் மதியம் வாலிநோக்கத்தில் முடிப்பதாகத் திட்டம். இருவர் பெண்கள், இருவர் சைவம், ஒருவருக்குச் சர்க்கரை. மேகமலை, கொடைக்கானல் பக்கம் பை தூக்கி நடந்த பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கடற்கரை புதுசு.

இப்போதைக்குப் போட்ட பட்டியல்: பொன்னி அரிசி 5 கிலோ, பருப்பு, காய்கறி, முதல் நாள் ராத்திரிக்கு மசாலா தடவிய கோழி 2 கிலோ, சின்ன கேஸ் அடுப்பு, 5 லிட்டர் குக்கர், மூன்று கூடாரம், எட்டு ஸ்லீப்பிங் பேக், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கேரம் போர்டு (இதை வெளியே எடுத்துவிடச் சொல்லி நான்கு நாளாக மன்றாடுகிறேன்). தலைக்கு 16 கிலோ வருகிறது. எதைக் குறைக்கலாம்?

உப்பளத்தான்

தம்பி, நான் சாயல்குடிப் பக்கம். உங்கள் பட்டியலில் குறைக்க வேண்டியது பத்து இருக்கிறது, கூட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. தண்ணீர்.

மேகமலையில் ஓடையில் பாட்டிலை நீட்டினால் நிறையும். இங்கே பல ஊர்களில் குடிதண்ணீர் விலைக்குத்தான் வருகிறது. குடம் குடமாக அடுக்கிய தள்ளுவண்டியைப் பெண்கள் வெயிலில் தள்ளிக்கொண்டு போவதை நீங்களே வழியில் பார்ப்பீர்கள். அப்படிக் கொண்டுவந்து வைத்த வீட்டில் போய்க் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் கேட்காதீர்கள் என்கிறேன். தாகத்துக்கு ஒரு சொம்பு கேட்பது வேறு, எட்டுப் பேருக்கு உலை வைக்கக் கேட்பது வேறு.

கணக்கு போட்டுப் பாருங்கள். மாசி வெயிலில் பையோடு மணலில் நடக்கிற ஆளுக்கு குடிக்க, வாய் கொப்பளிக்க, கை நனைக்க எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 லிட்டர் வேண்டும். எட்டுப் பேருக்கு 40 லிட்டர், அதாவது 40 கிலோ. இதில் ஒரு கிலோ அரிசி வேக மட்டும் இரண்டரை லிட்டருக்குக் குறையாது. களைய, பருப்பு வேக, அப்புறம் அடிப்பிடித்த குக்கரைக் கழுவ என்று போனால் ஒரு வேளைச் சோற்றுக்கே ஒரு ஆளின் முழு நாள் தண்ணீர் காலி. மணலும் கடல் தண்ணீரும் வைத்துத் தேய்க்கலாம், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

ஃபில்டர் கொண்டு வருகிறோம் என்பீர்கள். மலைக்குக் கொண்டு போகிற ஃபில்டர் அழுக்கையும் கிருமியையும்தான் எடுக்கும். உப்பை எடுக்காது. இங்கே கிணற்றில் பிரச்சினையே உப்புதான்.

கருப்பட்டிக் காப்பி

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எனக்கு ஊர் ராமநாதபுரம், இப்போது சென்னை. சாப்பாட்டு விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் கோழியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விடியற்காலையில் பையில் போட்டு, நாள் முழுக்க வெயிலில் சுமந்து, ராத்திரி எட்டு மணிக்குத் திறந்தால் அதைச் சுடுவதா புதைப்பதா என்று பஞ்சாயத்துதான் நடக்கும்.

நீங்கள் போகிற வழியில் கீழக்கரையும் ஏர்வாடியும் நிறையக் கடை உள்ள ஊர்கள். சனி சாயங்காலம் கீழக்கரையைத் தொடுவீர்கள், ஞாயிறு சாயங்காலம் ஏர்வாடி. அப்படியானால் பையில் சுமக்க வேண்டியது சனி மதியம், சனி ராத்திரி, ஞாயிறு மதியம், அப்புறம் நடுநடுவே கொறிக்க. அவ்வளவுதானே? இதற்கு எதற்குக் குக்கர்?

சனி இரண்டு வேளைக்கும் புளிச்சோறு. ஆனால் அதைக் கட்டுகிற விதத்தில் கட்ட வேண்டும். புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்துவிடுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, புளிக்கரைசல் சுண்டிச் சுண்டி எண்ணெய் ஓரத்தில் தனியாகப் பிரிந்து நிற்கிற வரை அடுப்பிலேயே இருக்கட்டும். வெங்காயம், தேங்காய் வேண்டாம், இரண்டும் சீக்கிரம் கெடுக்கும். மிளகாய்க்கு நம் முண்டு மிளகாயைப் போடுங்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. உருண்டையாகப் பார்க்கச் சாது மாதிரி இருக்கும், எண்ணெயில் வதங்கினால்தான் குணம் தெரியும். சோற்றை உதிரியாக வடித்து, பெரிய தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து, விரலை உள்ளே விட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டுப் பிறகு கிளறுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ரயிலுக்கு நேரமாச்சு என்று சூட்டோடு டப்பாவில் அமுக்கினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றில் இறங்கி, மதியத்துக்குள் நூல் விட்டுவிடும். வாட்டிய வாழையிலையில் ஆள் ஆளுக்குத் தனிப் பொட்டலம். இலையே தட்டு, கழுவுகிற வேலையும் இல்லை. சனி ராத்திரியோடு அதன் ஆயுசு முடிந்தது. மிச்சம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தொடாதீர்கள்.

ஞாயிறு காலை கீழக்கரைக் கடையில் சாப்பிடுங்கள். மதியத்துக்கு அங்கேயே இட்லி வாங்கி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி இலையில் கட்டிக்கொள்ளலாம். சட்னி, சாம்பார் கேட்காதீர்கள். அசைவக்காரர்களுக்கு மாசிக் கருவாட்டை (மாதம் இல்லை, சூரை மீன் கருவாடு) வீட்டிலேயே வறுத்து, இடித்து, மிளகாய், பூண்டோடு பொடியாக ஒரு சின்ன டப்பா. ஆனால் டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கடற்கரை நாய் அத்தனையும் உங்கள் கூடவே வாலிநோக்கம் வரை வரும்.

கொறிக்கப் பொரிகடலை, வேர்க்கடலை, கருப்பட்டி, எள்ளுருண்டை. தை, மாசியில் பனங்கிழங்கு கிடைக்கும். அவித்தது இரண்டு நாள் தாங்கும், பசியை நன்றாக அடக்கும், நாரை உரித்து உரித்துத் தின்பதற்குள் அரை மணி நேரம் ஓய்வும் கிடைத்துவிடும். கீழக்கரையில் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிளறியது, ஒரு துண்டு வாயில் போட்டால் ஒரு கிலோமீட்டர் ஓடும். சர்க்கரைக்காரருக்கு மட்டும் காட்டாதீர்கள்.

வைகைக்கரை நடையன்

அக்கா, வாய் ஊறுகிறது. ஆனால் கடையில் வாங்கித் தின்று, கடையில் டீ குடித்து நடப்பதற்கு இது எதற்குப் பை தூக்கும் பயணம்? ராத்திரி கடற்கரையில் உட்கார்ந்து சூடாக எதையாவது கிண்டிச் சாப்பிடுவதில்தானே சுகம். ஒரே ஒரு வேளையாவது. அடுப்பை விட்டுவிட மனசு வரவில்லை.

தண்டவாளம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரயிலில் வருகிறீர்களா? கேஸ் சிலிண்டர், சின்னக் குப்பியாக இருந்தாலும், பெட்டியில் கொண்டுவரக் கூடாது. ஸ்பிரிட், மண்ணெண்ணெய் எல்லாமே அப்படித்தான். பிடித்தால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. யாருக்கும் தெரியாது என்று பையின் அடியில் ஒளிக்கிற யோசனை வேண்டாம்.

ஒற்றைக் கயிறு

நடையன் பக்கம் நான் இருக்கிறேன். சூடான ஒரு வேளை என்பது ருசிக்காக மட்டும் இல்லை. களைத்துப்போன எட்டுப் பேரை ஓரிடத்தில் உட்கார வைப்பது அதுதான். ஊர் இருக்கிறது, கடை இருக்கிறது என்று முழுக்க நம்பியும் இறங்கக் கூடாது. ஒருவருக்குக் கால் பிசகினால் நீங்கள் சாயங்காலம் சேர வேண்டிய ஊருக்கு மறுநாள் காலைதான் சேர்வீர்கள். அப்போது பையில் ஒரு வேளைச் சாப்பாடு உபரியாக இருக்க வேண்டும். அடுப்பே இல்லாமலும் தின்னக்கூடியதாக இருந்தால் நல்லது: ஒரு கிலோ அவல் போதும்.

சாமான் பற்றி. பெருவாரியான பேர் மலைக்கு எடுத்துப்போவதையே கடற்கரைக்கும் கொண்டுவருகிறார்கள்.

ஸ்லீப்பிங் பேக் எட்டும் வேண்டாம். அந்தக் கடற்கரையில் அதற்குள் படுத்தால் வெந்துவிடுவீர்கள். ஆனால் வெறும் பெட்ஷீட்டோடும் வரக் கூடாது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். காலையில் போர்வையைப் பிழிகிற அளவுக்கு ஈரம் இருக்கும். ஆளுக்கு ஒரு கைத்தறிப் போர்வை, மேலே ஒரு தார்ப்பாய், கீழே ஒரு பாய் அல்லது ஃபோம் ஷீட். கூடாரம் பெண்களுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பேருக்குத் தார்ப்பாயும் கொசுவலையும் போதும். அங்கேயே ஆறேழு கிலோ குறைந்துவிடும்.

கூடாரத்தோடு வருகிற கம்பி ஆணி மணலில் நிற்காது. காற்று ஒரு தடவை உலுக்கினால் ஆணியும் கையுமாக நிற்பீர்கள். பழைய பிளாஸ்டிக் சாக்கு நாலைந்து எடுத்து வாருங்கள், எடையே இல்லை. ஒவ்வொன்றிலும் மணலை அள்ளிப் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கட்டில் கூடாரக் கயிற்றை முடிந்து, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மிதித்துவிடுங்கள். காலையில் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டி, சாக்கை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். சாக்கை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஜிப் இன்னொரு தலைவலி. உப்பும் மணலும் சேர்ந்தால் இரண்டாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். பையை மணலில் வைக்காமல் சாக்கின் மேல் வையுங்கள், மெழுகுவத்தித் துண்டு ஒன்றை ஜிப் பல்லில் தேயுங்கள்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. நீங்கள் சேதுக்கரையிலிருந்து வாலிநோக்கம் போகும்போது கடல் முழுக்க இடது கைப் பக்கம். கரை கடலை நோக்கிச் சரிவாகத்தான் இருக்கும். மூன்று நாளும் இடது கால் தாழ்வாகவும் வலது கால் மேடாகவும் விழும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள் மதியம் முட்டி பேச ஆரம்பிக்கும். தண்ணீர் கேனைப் பையின் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டால் கதை முடிந்தது. முதுகை ஒட்டி, நடுவில் வையுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை கரையை விட்டு மேலே ஏறிச் சமதரையில் கொஞ்சம் நடங்கள். தென்மேற்கே போவதால் பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், விளிம்புள்ள தொப்பி அவசியம்.

உப்பளத்தான்

கயிறு சொன்னது எல்லாம் சரி, அடுப்பு தவிர. அந்தக் கரையில் சாயங்காலக் காற்றில் தீக்குச்சியைக் கொளுத்திப் பார்த்துவிட்டுப் பேசட்டும். விறகு பொறுக்கி எரிக்கலாம் என்று அடுத்து யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: கருவை மரத்துச் சுள்ளி எங்கும் கிடக்கும், நன்றாக எரியும். பக்கத்திலேயே பனைமரம் நிற்கும், அதில் காய்ந்த ஓலை தொங்கும். ஒரு பொறி போதும். ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்தப் பத்துப் பனையாக இருக்கும். தீ மூட்டுவதே வேண்டாம்.

சூடாகத்தான் வேண்டும் என்றால் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் இரண்டு வாங்குங்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது கடையில் சுக்குமல்லிக் காப்பியோ ரசமோ ஊற்றிக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு தம்ளர் வரும்.

இப்போது முக்கியமான சங்கதி. எங்கே படுக்கப்போகிறீர்கள்? எதிர்க்கரை இலங்கை. கடத்தல் காரணமாகக் கடலோரக் காவல் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். ராத்திரியில் பெரிய பையோடு எட்டு வெளியூர் ஆட்கள் கரையில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தால் போலீஸுக்கு முன்னால் ஊர்க்காரர்களே வந்து கேட்பார்கள். கேட்பது அவர்கள் கடமை, கோபப்படாதீர்கள். ஆளுக்கு ஆதார் அசல் கையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன்பே அந்தந்தக் காவல் நிலையத்தில் பெயர், எண், வழி எல்லாம் எழுதிக் கொடுங்கள். படுக்கிற இடத்தில் ஊர்த் தலைவரைப் பார்த்து, எங்கே படுக்கலாம் என்று அவர் காட்டுகிற இடத்திலேயே படுங்கள். தோப்புக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். வலை காயப்போட்ட இடம், படகு ஏற்றுகிற வழி இரண்டிலும் உட்காரக்கூட வேண்டாம்.

ட்ரோன் இருந்தால் வீட்டில் வையுங்கள். கீழக்கரைக்கு எதிரே தெரிகிற அப்பா தீவுக்கு யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றாலும் போகாதீர்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் இறங்கினால் வனத்துறை வழக்குதான். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பவளத்துண்டையும் எடுக்காதீர்கள், சோதனையில் பையில் இருந்தால் பதில் சொல்ல முடியாது.

பாக்கடல்

இவ்வளவு யோசிப்பதற்கு தனுஷ்கோடி போகலாமே? அரிச்சல்முனை வரை ரோடு இருக்கிறது, மணலில் இரண்டு மூன்று அடி தோண்டினால் நல்ல தண்ணீரும் ஊறும்.

உப்பளத்தான்

ஊறும், அங்கே குடியிருக்கிற மீனவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் வெளியாட்களை அனுப்பிவிடுவார்கள், ராத்திரி தங்க விடமாட்டார்கள். தங்குவதற்கு வட பக்கம் வேண்டும் என்றால் உச்சிப்புளியில் இறங்கி அரியமான் போகலாம். வாடைக்காற்று அடங்கிய பிறகு அந்தக் கடல் குளம் மாதிரி கிடக்கும், பெண்கடல் என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் நடப்பதற்குத் தென்கரைதான். அதுவும் மாசியோடு சரி. தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று எழும்பிவிட்டால் வைகாசி, ஆனியில் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும்.

கருப்பட்டிக் காப்பி

பெண்கள் இரண்டு பேர் வருகிறார்கள் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு யாரும் கழிப்பறை பற்றி வாய் திறக்கவில்லை. அது தெரியாவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். 40 லிட்டர் கணக்கு போட்டு என்ன பிரயோஜனம்? மதியமே மயக்கம் வரும். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் ஊருக்குள் வந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். நடுவழிக்கு ஒரு சின்ன மண்வாரி, இரண்டு பழைய சேலை, நான்கு கழி. சேலை மறைப்புக்கும் ஆகும், மதிய நிழலுக்கும் ஆகும், ராத்திரி விரிப்புக்கும் ஆகும். கூடாரத்தைவிட இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். நாப்கினை மணலில் புதைக்க வேண்டாம், நாய் தோண்டும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்து சேருங்கள்.

ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு என்று அறைகள் வாடகைக்கு உண்டு. இரண்டாம் ராத்திரி பெண்களுக்காவது ஒரு அறை எடுத்துவிடுங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீரில் உப்புப் போகக் குளித்தால் மூன்றாம் நாள் தொடை உரசாமல் நடக்கலாம். ஆண்களுக்கும்தான் சொல்கிறேன்.

இரவுப்பணி

செவிலியர் வேலை, அதனால் மருந்துப் பை மட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு நான்கு. ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அரை லிட்டரில் கரைத்துக் குடிக்கக் கூடாது. முள்ளெடுக்க நல்ல சாமணமும் ஊசியும். கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும், அடிப்பாகம் கெட்டியான சாண்டல் போடச் சொல்லுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலுக்குள் திருக்கை இருந்தால் விலகிப் போய்விடும். திருக்கை முள் குத்தினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி இறங்கும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவது கட்டாயம். முள் உள்ளே நிற்கிறது என்றால் பிடுங்காதீர்கள்.

சர்க்கரைக்காரர் இன்சுலின் போடுகிறவரா? அப்படியானால் பையின் மேல் அறையில் வைக்கக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சின்ன மண்கலயமோ, ஃபிளாஸ்க்கோ. நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும், அவர் சட்டைப்பையிலேயே குளுக்கோஸ் இருக்கட்டும். தொதலை அவரிடமிருந்து முழுக்க ஒளிக்கவும் வேண்டாம், அவசரத்துக்கு ஆகும்.

ஒற்றைக் கயிறு

வெந்நீருக்கு அடுப்பு வேண்டுமே, உப்பளத்தான் அண்ணே?

உப்பளத்தான்

அதற்குத்தான் இரண்டு ஃபிளாஸ்க் சொன்னேன்! ஒன்றில் வெறும் வெந்நீர் இருக்கட்டும். சரி, நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அடுப்பு இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் ரயிலில் வராது, காற்றில் எரியாது, தண்ணீரையும் தின்னும். மூன்றையும் சமாளிக்க முடிகிறவர் தூக்கிக்கொண்டு வரட்டும்.

வைகைக்கரை நடையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எட்டுப் பேரும் உட்கார்ந்து பையைப் பிரித்து மறுபடி கட்டினோம். குக்கர், அரிசி, கோழி, அடுப்பு, ஏழு ஸ்லீப்பிங் பேக், இரண்டு கூடாரம் போயாச்சு. (எட்டாவது ஸ்லீப்பிங் பேக்காரர் கேட்கவில்லை. வெந்து வரட்டும்.) புளிக்காய்ச்சல் என் மாமியார் பொறுப்பு. எண்ணெய் பிரிகிற கணக்கைப் படித்துக் காட்டினேன், ‘இது எனக்குத் தெரியாதா’ என்று ஒரு பார்வை கிடைத்தது.

தண்ணீர் ஆளுக்கு 5 லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தாக. பெரிய கேன் தூக்கினால் ஒருவர் கையில் மாட்டிக்கொள்ளும், உடைந்தால் மொத்தமும் போகும். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் 20 லிட்டர் கேன் இரண்டிரண்டு வாங்கி அதிலேயே நிரப்பிக்கொள்வோம். தண்ணீரோடு சேர்த்துத் தலைக்கு 11 கிலோ. குடிக்கக் குடிக்கக் குறையும்.

ஒரு சந்தேகம் பாக்கி. டார்ச் எட்டும் வெள்ளை வெளிச்சம். மாசியில் ஆமை முட்டையிடக் கரையேறும் என்று படித்தேன். பிரச்சினை ஆகுமா?

உப்பளத்தான்

ஆகும். வெளிச்சத்தைப் பார்த்தால் திரும்பிக் கடலுக்கே போய்விடும். கண்ணாடித்தாள் கடையில் சிவப்புத் தாள் ஐந்து ரூபாய்க்கு வாங்கி இரண்டு மடிப்பாக டார்ச் முகப்பில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ராத்திரி ஆமைத் தடம் பார்த்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேரம் போர்டு என்ன ஆச்சு?

வைகைக்கரை நடையன்

சீட்டுக்கட்டாகச் சுருங்கிவிட்டது அண்ணே.